வாடைக்கு முதுகு கொடுத்து

கார்த்திகை மாதத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரைக்குச் சைக்கிளில் போகப்போகிறோம் என்று சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் மழையைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். காற்றைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. என் நாத்தனார் மட்டும், "மழை என்ன பண்ணும் அண்ணி, நனைக்கும். அவ்வளவுதானே? வாடை பின்னாலேருந்து தள்ளும் பாருங்க, மிதிக்கவே வேணாம்" என்றாள். கடற்கரைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் செவிலியர் அவள். அந்தப் பக்கத்துச் சாலையும் காற்றும் அவளுக்கு அத்துப்படி.

கணக்கு என்னவோ சரிதான். நாகையிலிருந்து வேதாரண்யம் வரை கடற்கரை ஏறக்குறைய நேர் தெற்காக இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகிற வழி முழுக்க அது இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வழியில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களைத் தவிர எதுவும் கிடையாது. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை அதே காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்று இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

2019ஆம் வருடம் அது. கஜா புயல் அடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி நாகைக்கு வந்தவள். எங்கள் ஊரில் காற்று என்றால் ஆடியில் புழுதி கிளப்புவது, அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. ஆனால் சைக்கிள் விஷயத்தில் புதுக்கோட்டைக்காரிகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் மைதானத்தில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். என் அம்மாவும் நானும் ஒரே மாதத்தில்தான் கற்றுக்கொண்டோம், ஒரே வாடகை சைக்கிளில். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடு, அதனால் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. பார் இருந்தால் தம்பியை முன்னால் உட்காரவைக்கலாம், பின்னால் கேரியரில் குடம் கட்டலாம் என்று கணக்குப் போட்டுவிட்டாள். கடைசிவரை அவளுக்குப் பெண்கள் சைக்கிளைக் கண்டால் ஒரு இளக்காரம்.

நாத்தனார் அடுத்த தலைமுறை. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். கற்றுக்கொள்ள ஓர் இயக்கம் வேண்டியிருந்தது என்று நான் சொன்னால் சிரிப்பாள். இந்தப் பயணத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது என் மகளின் பள்ளிக்கூடத்து சைக்கிள். திங்கட்கிழமை காலை துடைத்து ஒப்படைக்க வேண்டும் என்று அவளிடம் மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்னுடையது மார்க்கெட்டுக்குப் போய்வருகிற பழைய வண்டி, முன்னால் கூடை வைத்தது. இரண்டுக்கும் கியர் கிடையாது.

தெருமுனை சைக்கிள் கடைக்காரர் இரண்டையும் வாங்கி ஓவராயில் பண்ணினார். பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைத்து, பின்சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "மழைல பிரேக்க நம்பி இறங்கிடாதீங்கக்கா. ரிம்முல தண்ணி இருந்தா மொதல்ல வழுக்கும். ரெண்டு சுத்து கட்டை தேய்ச்சு தண்ணிய வழிச்சு எறிஞ்ச பொறவுதான் புடிக்கும். அதனால முன்னாடியே லேசாப் புடிச்சுப் புடிச்சு விட்டுக்கிட்டே போங்க" என்றார். அந்த இரண்டு நாளில் எனக்கு மிகவும் பயன்பட்ட அறிவுரை அதுதான். மழையங்கி வாங்கலாமா என்று கேட்டதற்கு, "காத்துல அது பாயா விரிச்சிக்கும்" என்று சொல்லி, இரண்டு உரச்சாக்கை எடுத்து நீட்டினார். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டால் தலையிலிருந்து இடுப்பு வரை கூம்பாக மூடிக்கொள்ளும். நடவு வயலில் பெண்கள் போட்டுக்கொள்வது. போட்டுப் பார்த்த நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்று சிரித்ததில் என் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.

விடிவதற்குள் கிளம்பினோம். பரவையில் காய்கறிச் சந்தை தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. கீரைக்கட்டுகளின்மேல் தண்ணீர் தெளிக்கிற வேலை அன்றைக்கு யாருக்கும் இல்லை. வேளாங்கண்ணியில் ஒரு டீ. ஆகஸ்ட் 29இல் கொடியேற்றி செப்டம்பர் 8 வரை நடக்கிற திருவிழாவில் கால்வைக்க இடமில்லாத கடற்கரை, இப்போது ஈர நாய்கள் நடமாட அகலமாகக் கிடந்தது. பொரித்த மீன் கடைகள் பாதி மூடியிருந்தன. டீக்கடைக்காரர் எங்கள் சாக்குகளைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு ஓடலியாம்மா?" என்று கேட்டார். ஓடுகிறது, நாங்கள்தான் ஏறவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. ஏதோ வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

வெள்ளையாற்றுப் பாலம் தாண்டியதும் மழை பிடித்தது. கடலிலிருந்து ஏறிவருகிற மழை எங்கள் ஊர் மழை மாதிரி வானத்தை மூடிக்கொண்டு உட்காருவதில்லை. துண்டு துண்டாக வரும். முதலில் காற்று ஒரு தள்ளு தள்ளும், வெயில் மங்கும், இடதுபக்கம் சவுக்கு மரங்கள் ஓசை எழுப்பும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கண் தெரியாமல் கொட்டும். அப்புறம் யாரோ குழாயை மூடியதுபோல் நின்று, ரோட்டில் ஆவி பறக்கும். அடுத்த துண்டு வருவதற்குள் சாக்கைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொள்ளலாம்.

நாத்தனார் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அந்த முதல் துண்டு மழையில் தெரிந்தது. காற்று தள்ளத் தள்ள வண்டி வேகம் பிடித்தது. ஒரு கட்டத்தில் காற்றின் வேகமும் எங்கள் வேகமும் ஒன்றாகிவிட்டன. அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சாக்கு படபடப்பது நின்றது. காதில் இரைச்சல் இல்லை. சுற்றிலும் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்க, எங்களைச் சுற்றி மட்டும் காற்றே இல்லாததுபோல் மழை நேராகச் செங்குத்தாக இறங்கியது. முகம் நனையவில்லை. பேசினால் கேட்டது. "நான் சொல்லல?" என்றாள் நாத்தனார், பெடலில் காலை வைத்து மிதிக்காமல் சும்மா உட்கார்ந்துகொண்டு. ஃபிரீவீல் டிக்டிக்கென்று ஓடியது. நின்றால்தான் காற்று இருப்பதே தெரியும். ஒருமுறை கைக்குட்டை எடுக்க நிறுத்தினேன். முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டியோடு இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

திருப்பூண்டி, காமேஸ்வரம், வேட்டைக்காரனிருப்பு. ஊர்ப் பெயர்ப் பலகைகள் வேகமாகப் பின்னால் போயின. பள்ளி மைதானங்களில் தண்ணீர், அதில் வாத்துகள். நாலுவேதபதியை நெருங்கியபோதுதான் சாலையோரம் கஜாவின் மிச்சங்கள் தெரிய ஆரம்பித்தன. வேரோடு சாய்ந்த புளியமரங்களை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அடிக்கட்டைகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றன. தென்னந்தோப்பு இருந்த இடங்களில் இடுப்பளவு உயரத்தில் புதுக் கன்றுகள், நடுவே மண்டை இல்லாத பழைய மரம் ஒன்றிரண்டு.

இந்த நாலுவேதபதிக்கு ஒரு கதை உண்டு. 2002இல் ஊர்மக்கள் கூடி ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள், 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். சாதனைக்காக நட்டதுதான். இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அலை, இந்த ஊரில் அந்த இளம் மரங்களுக்குள் புகுந்து பலம் இழந்தது. சுற்றியுள்ள ஊர்களோடு ஒப்பிட்டால் இங்கே சேதம் குறைவு. மரம் நடச் சொல்லி எங்கள் பள்ளியில் பேச வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கதை அதோடு முடிந்துவிடுவதில்லை என்பது அந்தச் சாலையில் போனவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரைத் தடுத்த மரங்களைக் காற்று விடவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது.

அடுத்த மழைத்துண்டுக்கு ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். இட்லிக் கடை. நடத்திய அம்மா எங்களை உட்காரவைத்து, அடுப்பை ஒட்டிச் சாக்குகளைக் காயப்போட்டார். பேச்சு தானாகவே கஜாவுக்குப் போனது. அந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும். "மொதல்ல வடக்கேருந்து அடிச்சுது. நெசமாலுமே ஓடு பறந்துச்சு. அப்பறம் ஒரேயடியா நின்னு போச்சு. அப்பாடா முடிஞ்சுதுன்னு வெளிய வந்து பாக்குறோம், மரம் நாலு சாஞ்சிருக்கு, மிச்சம் நிக்கிது. கொஞ்ச நேரந்தான். அப்பறம் தெக்கேருந்து ஆரம்பிச்சுது பாரு..." அவர் இரண்டு கையையும் கோத்துப் பிடித்து, ஒரு பக்கம் அசைத்து, பிறகு மறுபக்கம் ஒடித்துக் காட்டினார். புயலின் கண் மேலே கடந்து போனால் காற்று திசை மாறும் என்று பாடப்புத்தகத்தில் நான் வருடா வருடம் நடத்துகிறேன். முதல் காற்று வேரை இளக்கிவிடுகிறது, இரண்டாவது காற்று எதிர்த்திசையில் சாய்த்துவிடுகிறது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அவருக்கு நூற்றைம்பது தென்னை இருந்ததாம். இப்போது இட்லிக் கடை. சட்னியில் தேங்காய் குறைவு என்று நாத்தனார் கண்ணால் காட்டியதை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

புஷ்பவனம், பெரியகுத்தகை, தோப்புத்துறை. மாலைக்கு முன்பே வேதாரண்யம் வந்துவிட்டோம். கால் வலிக்கவே இல்லை.

தங்கும் விடுதி பிரச்சினை. முதல் இடத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஜென்ட்ஸ் பின்னாடி வர்றாங்களா?" இல்லை, நாங்கள் இருவர்தான் என்றோம். ரூம் இல்லை என்றார். சாவிகள் வரிசையாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது இடத்தில் நாத்தனார் முந்திக்கொண்டாள்: "சுகாதாரத் துறை. ஃபீல்டு விசிட்." மழைக்காலத்தில் டெங்கு வேலையாக ஆள் வருவது சகஜம் என்பதால் அவர் எழுந்து நின்றே பதிவேட்டை நீட்டினார். அது மட்டுமல்ல, மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துகாட்டி, மூடித்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பழக்கம்.

இரவு மின்சாரம் போய்விட்டது. கோவிலுக்கு நடந்தோம். பூட்டிக் கிடந்த வாசல் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது எலிக் கதை. அணையப்போன விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்குப் பட்டுத் திரியைத் தூண்டிவிட்டுவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு பெரிய சம்பளமா என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ஈரத் துணியோடு அந்த இருட்டுப் பிராகாரத்தில் நிற்கும்போது ஒரு விளக்கின் அருமை நன்றாகவே புரிந்தது. அறைக்குத் திரும்பினால், கொடியில் போட்ட துணி போட்டபடியே ஈரம். கடற்கரையில் மழைக்காலத்தில் துணி காய்வதே இல்லை. உப்பு ஈரத்தை விடாது. காலையில் அதையே பிழிந்து உடுத்திக்கொண்டோம்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பதினொரு கிலோமீட்டர் போல. அகஸ்தியன்பள்ளி தாண்டியதும் உப்பளம். வெயில் காலத்தில் வந்தால் கண் கூசுகிற வெள்ளைக் குவியல்கள். இப்போது பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே தண்ணீர்க்காடு. மேட்டில் மட்டும் கீற்றும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள் நின்றன. ஒன்றின் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காவல். மூடியின் விளிம்பில் மழை புகுந்த இடத்தில் உப்பு குடைந்துபோய், மாட்டின் நாக்கு நக்கிய கட்டி மாதிரி வழவழப்பாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, பின்னால் லேசான கசப்பு.

"இப்ப வேல இல்ல தாயி. தைக்கு மேலதான் தண்ணிய எறைச்சுட்டு, பாத்திய மிதிச்சு மிதிச்சுக் கெட்டி பண்ணணும். கால் பித்தவெடிப்புல உப்புத்தண்ணி எறங்கும்" என்றார். கடல்தண்ணீரை அப்படியே பாத்தியில் விட்டால் உப்பு விளைவதில்லை. டிகிரி பார்க்க வேண்டும். கடலில் மூன்று டிகிரி போல இருக்கிற தண்ணீரை ஒவ்வொரு பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பூ பூத்ததுபோல் உப்பு இறங்கும். அதற்கு வேண்டியது உலர்ந்த காற்று. வாடை வந்துவிட்டால் இங்கே வேலைக்கு விடுமுறை, கூலிக்கும்தான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு இங்கேதான் விளைகிறது. அதை விளைவிக்கிறவர்கள் வருடத்தில் மூன்று நான்கு மாதம் சும்மா உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார்கள்.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று உப்பு யாத்திரை கிளம்பி, ஏப்ரல் கடைசியில் இங்கே வந்து உப்பு அள்ளிக் கைதானார். நல்லவேளை சித்திரையில் வந்தார். கார்த்திகையில் வந்திருந்தால் அள்ள உப்பு இருந்திருக்காது, வெள்ளைக்காரனும் நிம்மதியாக இருந்திருப்பான். யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் கையில் கொடுக்காமல் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதர். சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடித்துவிட்டார். பாதி முகத்தில் சோப்போடு அந்தப் போலீஸ்காரர் எழுந்து போனதை நினைத்துக்கொண்டே மிதித்ததில் ஒரு குழியைக் கவனிக்கவில்லை. கூடையிலிருந்த வாழைப்பழம் சாலையில் சிதறியது.

கோடியக்காட்டுக்குள் நுழைந்ததும் காற்று அடங்கியது. குட்டை மரங்கள் அடர்ந்த காடு. கஜா இதையும் விட்டுவைக்கவில்லை, முறிந்த கிளைகள் அப்படியே காய்ந்து சாம்பல் நிறத்தில் நின்றன. அவற்றின் அடியிலிருந்தே தளிர் வந்திருந்தது. 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கிய காடு. அந்தப் புயலில் மான்களும் ஏராளமாகச் செத்துக் கரை ஒதுங்கின. நாங்கள் பார்த்தது ஒரு கூட்டம். புல்வெளியில் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாம் ஒரே திசையில் நின்றன. ஆண்மான் ஒன்று மட்டும் முறுக்குக் கொம்பைத் தூக்கி எங்களைப் பார்த்தது. சாலையிலேயே குதிரைகள். வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டில் பெருகியவை, யாருக்கும் சொந்தமில்லாதவை. மணி அடித்தால் நகரவில்லை. சுற்றிக்கொண்டு போனோம். தூரத்தில் சதுப்பில் பூநாரைகள். இளஞ்சிவப்பு என்று படத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வெளிச்சத்தில் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தன. நாத்தனார், "இதுக்கா இவ்வளவு பேரு கேமரா தூக்கிட்டு வர்றாங்க?" என்றாள். அவையும் வாடையோடு வருகிறவைதான். ஐப்பசியில் வந்து பங்குனியில் போய்விடும்.

கோடியக்கரைக் கடற்கரைக்குப் போனபோது எனக்கு ஆச்சரியம். வழிநெடுக மழைக்கு ஒடுங்கிக் கிடந்த ஊர்களைப் பார்த்து வந்த கண்ணுக்கு, இங்கே ஒரு ஊரே புதிதாக முளைத்திருந்தது. கீற்றிலும் தார்ப்பாயிலும் வரிசையாகக் குடிசைகள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே மீன் சீசன். நாகை, காரைக்கால் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் படகும் வலையும் அடுப்பும் கொண்டுவந்து தங்கிவிடுவார்கள். காலா, வாவல், ஷீலா, நண்டு, இறால். "வாடை அடிச்சாத்தாம்மா இங்க மீனு" என்றார் வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தவர். அன்றைக்கு மட்டும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருந்ததால் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. முந்தின நாள் பிடித்ததைப் பெண்கள் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்தபடியேதான். அவர்களும் உரச்சாக்குதான் போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. சாக்கை நாங்கள் தப்பான பக்கம் மடித்திருக்கிறோம் என்று ஒருத்தி எழுந்துவந்து, என் தலையிலிருந்து உருவி, உதறி, மறுபடி மடித்துக் கவிழ்த்தாள். தையல் விளிம்பு வெளியே வர வேண்டுமாம், இல்லாவிட்டால் தண்ணீர் தையலில் இறங்கி முதுகில் வழியும். நேற்றெல்லாம் என் முதுகு ஏன் நனைந்தது என்று அப்போது தெரிந்தது.

அவள் குடிசையிலேயே சாப்பாடு. காலா மீன் குழம்பு, புளி தூக்கல், சோறு ஆவி பறந்தது. காசு கேட்டு வாங்கிக்கொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசி கவளத்தின்போது அவள் கேட்டாள்: "எப்பிடித் திரும்பிப் போவீங்க?" நாத்தனார் சைக்கிளைக் காட்டினாள். அவள் கடலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள்.

காடு மறைப்பாக இருந்த வரைக்கும் தெரியவில்லை. உப்பளத்து வெட்டவெளிக்கு வந்ததும் காற்று கையை நீட்டி நெஞ்சில் வைத்தது. எழுந்து நின்று மிதித்தேன். வண்டி நடையைவிட மெதுவாக நகர்ந்தது. மிதிப்பதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மழைத்துளி முகத்தில் மணல் எறிந்ததுபோல் வந்து அறைந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. போகும்போது நாங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்த்த அதே தென்னைகள் இப்போது எங்களைப் பார்த்துத் தலையசைத்தன. இந்தக் கரையில் ஏற்றமே இல்லை என்று நினைத்திருந்தேன். அறுபது கிலோமீட்டருக்கு ஒரே ஏற்றம் இருந்திருக்கிறது, அதன் உச்சியிலிருந்து நேற்று இறங்கி வந்திருக்கிறோம்.

நாத்தனார் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். என் பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு முழம் விட்டு, அவள் வந்தால் அவளுக்குக் காற்று பாதியாகிவிடுகிறது. அடுத்த மின்கம்பம் வரை நான் முன்னால், அதற்கடுத்தது வரை அவள். பந்தயக்காரர்கள் இப்படித்தான் ஓட்டுவார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறாளாம். அவள் ஒல்லி, அவள் பின்னால் எனக்கு அவ்வளவு மறைப்பில்லை. "உங்க பின்னாடி நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்று அவள் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோப்புத்துறை தாண்டியதும் அவள் பின்சக்கரத்தில் காட்டுக்கருவை முள். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, வீட்டுக்குள்ளிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். ஒருகாலத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவராம். டியூபை உருவி, தேங்கிய மழைத்தண்ணீரிலேயே அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைத்தார். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. ஈர டியூபில் சொல்யூஷன் ஒட்டாது. கைலி முனையால் துடைத்தார், ஊதினார், போதவில்லை. சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், குழந்தைக்குச் சூடு கொடுப்பவர் மாதிரி. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தீக்குச்சியை உரசி அதன்மேல் ஒரு நொடி காட்டினார். நீலமாகப் பற்றி அணைந்தது. ஒட்டை வைத்து அமுக்கி, கட்டைவிரலால் எண்ணிக்கொண்டே இருந்தார். காற்றடித்து முடித்ததும், "இது நாகப்பட்டணம் வரைக்கும் தாங்கும். நீங்க தாங்குவீங்களா?" என்றார்.

தாங்கவில்லை. வேட்டைக்காரனிருப்புக்கு முன்பே ஒரு பாலத்தின்மேல் இரண்டு பேரும் இறங்கி நின்றுவிட்டோம். தொடை நடுங்கியது. பின்னால் ஒரு குட்டியானை வண்டி வேகம் குறைத்து நின்றது. கோடியக்கரையிலிருந்து நாகைக்கு மீன் ஏற்றிப் போகிறது. ஓட்டுநர் தலையை நீட்டி, "வாடையில வடக்க சைக்கிள் மிதிக்கிற ஆள இப்பதான் பாக்குறேன். ஏறுங்கக்கா" என்றார். ஐஸ் பெட்டிகளுக்கு மேலே சைக்கிள்கள், பெட்டிகளுக்கு நடுவே நாங்கள். மீன் தண்ணீர் காலுக்குக் கீழே ஓடியது. கேபினில் இடம் இருந்தும் நாத்தனார் மறுத்துவிட்டாள், காற்று படுவது நன்றாக இருக்கிறதாம். வழியில் அவரிடமே பேரம் பேசி, பெரிய காலா ஒன்றை வாங்கினாள். "அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க அண்ணி. சைக்கிள்லயே வந்தோம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றாள். சைக்கிள்களைத் தெருமுனையிலேயே இறக்கிக்கொண்டு, மிதித்தபடி வீட்டுக்குள் நுழைந்தோம்.

மாமியார் மீனை வாங்கினார். செவுளை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பையின் மூலையில் கரையாமல் கிடந்த ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து அம்மியின்மேல் வைத்தார்.

"கோடியக்கரை மீனுதான். சைக்கிள் கூடையில ஐஸ் பொட்டியும் வச்சிருந்தீங்களோ?"